ஆறுதலாகப் பேசப் போனேன்

திருச்சியில் என் தங்கை மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கத்தான் மட்டக்களப்பிலிருந்து வந்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பத்தியக் குழம்பில் மிளகு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு, இரண்டு கிழமை, பதினாலு நாள், இருந்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டியவள். ரோசலினின் தொலைபேசி அழைப்புதான் என்னை அரியலூர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

ரோசலின் வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருப்பவள். அந்தப் பகுதியைப் புயல் அடித்துப் போட்ட பிறகு கடையைப் பூட்டிவிட்டு, ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பொதுச் சமையல் நடத்திக்கொண்டிருந்தாள். எங்கள் ஊருக்குள் கடல் வந்தபோது நானும் ஒரு பள்ளிக்கூட முகாமில் அண்டா அண்டாவாகச் சமைத்தவள். அதைப் பற்றி இணையக் கூட்டம் ஒன்றில் நான் கதைத்ததைக் கேட்டு, எப்படியோ என் எண்ணைப் பிடித்திருந்தாள். நான் திருச்சியில் நிற்கிறேன் என்று தெரிந்ததும் விடவில்லை.

"எங்க பசங்க ரொம்பச் சோந்து போயிட்டாங்கம்மா. நீங்க வந்து ஆறுதலா நாலு வார்த்தை பேசுங்க. அது போதும்," என்றாள்.

எங்கள் ஊரில் 'ஆறுதலா' என்றால் மெதுவாக, அவசரப்படாமல் என்று அர்த்தம். ஆறுதலா வாங்க, ஆறுதலாச் சாப்பிடுங்க, அதை ஆறுதலாப் பார்ப்போம் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். ஆகவே ரோசலின் என்னை மெதுவாகப் பேசச் சொல்கிறாள் என்றுதான் விளங்கிக்கொண்டேன். எனக்குச் சுருக்கென்றது. நான் வேகமாகப் பேசுகிறவள்தான். திருச்சி ஆட்டோக்காரர்கூட முதல் நாளே "மலையாளமா?" என்று கேட்டுவிட்டார். அதற்காக, விருந்தாளியைக் கூப்பிடும்போதே அதைச் சொல்லிக்காட்ட வேண்டுமா?

சரி, பார்த்துவிடுவோம் என்று வைராக்கியம் வந்துவிட்டது. இவ்வளவு மெதுவாக ஒருத்தி பேசி இந்த நாட்டில் கேட்டிருக்க மாட்டார்கள், அப்படிப் பேசிவிட்டு வருகிறேன் என்று முடிவு செய்தேன். குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். நாலு வசனம் முடிவதற்குள் குழந்தை தூங்கிப் போனது. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை பாஸ்கர் என்ற ஓட்டுநர் காரோடு வந்தார். ரோசலினின் தூரத்துச் சொந்தம். வழியெல்லாம் அவர்தான் பேசினார். அவர் ஊரில் யாருக்குக் கூரை போனது, யாருடைய மாடு செத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் பெருமூச்சு விட்டு, "முந்திரிதாங்க எங்க பொழப்பு. அதுவே மொத்தமாச் சாஞ்சிருச்சு," என்றார்.

எங்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை. மனுசன் கலங்கியிருக்கிறாரே என்று, "கவலைப்படாதீங்க மகன், பந்தலைத் திரும்பப் போட்டுப் புதுக் கொடி நட்டால் சீக்கிரம் காய்க்கும்," என்று தேற்றினேன். கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார். கொடியா, மரமுங்க என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குழம்பிய பிறகுதான் அவர் சொல்வது நாங்கள் கஜு என்கிற மரத்தை என்று பிடிபட்டது. ஒரே மொழிதானே என்று நம்பி வாயைத் திறக்கக் கூடாது என்று அப்போதே மனதில் எழுதி வைத்தேன். எழுதி வைத்ததைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை.

சிறுவாச்சூர் வரும்போது காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் குழாய் வெடித்துவிட்டதாம். பாஸ்கர் பதறவில்லை. இன்றைக்குத் திங்கட்கிழமை, அம்மன் நடை திறந்திருக்கும், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்குள் மெக்கானிக் பிடிக்கிறேன் என்று என்னை இறக்கிவிட்டார். வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் அங்கே திறப்பார்களாம், ஆகவே நெடுஞ்சாலையே கோயிலுக்குள் திரும்பிவிட்ட மாதிரிக் கூட்டம். தேங்காய்க் கடை, வளையல் கடை, சுடச்சுட வடை போடும் கடை எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஒருத்தி பக்கத்தில் இடம் விட்டு என்னை உட்கார வைத்தாள். ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரி. அவளுக்கும் கொல்லை போய்விட்டது. கொல்லை என்றால் அந்தப் பக்கம் மானாவாரி நிலம். வேண்டுதலா என்று கேட்டேன். "வேண்டுதல் இல்லீங்க. சண்டை போட வந்தேன்," என்றாள் மாவைப் பிசைந்துகொண்டே. "போட்டாச்சு. இனிமே சமாதானத்துக்கு மாவிளக்கு." வெல்லம் ஒழுகும் ஒரு உருண்டையை என் கையில் வைத்தாள். எங்கள் ஊர் அம்மன் கோயில்களில் வைகாசியில் குளிர்த்தி பாடி அம்மனின் கோபத்தைத் தணிப்போம். இங்கே இவள் தன் கோபத்தைத் தணித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனது.

குழாய் கிடைக்கவில்லை. பெரம்பலூரில் ரோசலினின் அக்கா வீட்டில் அன்றிரவு தங்கினேன். முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம் போட்ட புளிக்குழம்பு. அங்கே வெங்காயம் விளையும் ஊர், அதனால் கை தாராளம். நாங்கள் தேங்காய்ப்பால் விடாமல் குழம்பு வைக்க மாட்டோம், இவர்கள் நல்லெண்ணெய் விடாமல் வைக்க மாட்டார்கள். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். புறப்படும்போது அந்த அக்கா ஒரு பை வெங்காயத்தை என் தோளில் மாட்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை கார் இல்லை, பஸ்தான். அரியலூர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரோட்டோர வேப்பமரங்களின் இலையெல்லாம் திருநீறு பூசியது போல வெளுத்திருந்தது. ரயில்வே கேட்டில் பஸ் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் இவ்வளவு நேரம் நின்றால் பயணிகள் நடத்துநரைத் திட்டுவார்கள். இங்கே பயணிகள் இறங்கி வேர்க்கடலை வாங்கினார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை செய்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் கடற்கரைக்காரி என்று தெரிந்ததும் உற்சாகமாகிவிட்டார். இந்த மண்ணுக்கு அடியில் கல்லாகிப்போன சிப்பியும் சங்கும் இருக்கிறது, ஒரு காலத்தில் இங்கேயும் கடல்தான் என்றார். கடலுக்குப் பயந்து உள்நாட்டுக்கு வந்தால் இங்கேயுமா என்றேன். அவர் கடலையை நீட்டி, அது போய் ரொம்ப நாளாச்சு, பயப்படாதீங்க என்றார்.

ஜெயங்கொண்டம் தாண்டியதும் இரண்டு பக்கமும் முந்திரிக் காடு. காடு என்று சொல்வதற்கு அங்கே எதுவும் நிமிர்ந்து நிற்கவில்லை. கிழட்டு மரங்கள் வேரை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தன. இலைகள் காய்ந்து துருப்பிடித்த நிறத்தில் இருந்தன. என் சின்ன வயதில் எங்கள் ஊரைச் சூறாவளி அடித்தபோது தென்னந்தோப்புகள் இப்படித்தான் படுத்துக் கிடந்தன. அன்றைக்கு எங்கள் அப்பா தோப்புக்கு நடுவில் தனியாக நின்றது ஞாபகம் வந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ரோசலின் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன், ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருத்துப்போய் இருந்தாள். என் பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தபடியே நிலைமையைச் சொன்னாள்.

வயதான மரங்கள் போனது போனதுதான். ஆனால் ஒட்டுக் கன்றாக வைத்துக் காய்ப்புக்கு வந்திருக்கும் இளமரங்கள் பாதி வேர் மண்ணில் இருக்கச் சாய்ந்து கிடக்கின்றன. தலைக்கிளைகளைக் கழித்து, கயிறு கட்டி டிராக்டரால் மெல்ல நிமிர்த்தி, மண் அணைத்து முட்டுக் கொடுத்தால் பிழைக்கும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே செய்ய வேண்டும், காய்ந்துவிட்டால் விறகுதான். ஊர் ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் புயல் ஓய்ந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு கொல்லையாக இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நடத்துவது சேகர் என்ற விவசாயி. டிராக்டர் அவருடையது, மரம் அறுக்கும் மெஷினும் அவருடையது.

"முந்தாநேத்து மரியதாசுக்கு மெஷின் வழுக்கிக் கையில பட்டுருச்சும்மா. தூக்கக் கலக்கம். அதோட எல்லாரும் போதும்னு உக்காந்துட்டாங்க," என்றாள் ரோசலின். "மிச்சம் இருக்கறது ஒரே ஒரு கொல்லைதான். அது சேகரோடது."

ஏன் அது கடைசியானது என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. டிராக்டர் இருக்கிறவன் தன்னுடையதை முதலில் பார்த்துக்கொண்டான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதாம். அதனால் ஒவ்வொரு நாளும் தன் கொல்லையைத் தாண்டி அடுத்தவர் கொல்லைக்குப் போயிருக்கிறார் மனுசன். இப்போது மற்றவர்களுக்கு உடம்பில் தெம்பில்லை, இவருக்குக் கேட்க வாயில்லை. விறகு வியாபாரியிடம் மரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. அதற்குப் பிறகு சிமெண்ட் ஆலைப் பக்கம் லோடு ஏற்றும் வேலைக்குப் போவதாகப் பேச்சு.

அன்று மாலை சமுதாயக் கூடத்தில் சேகரைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கண் இரண்டும் செவசெவ என்று இருந்தது. எல்லோருக்கும் இலை போட்டுவிட்டுக் கடைசியில் தான் உட்கார்ந்தார். சாப்பிட்டது பாதி, பிசைந்தது பாதி. "வாங்கம்மா, ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கீங்க," என்று மரியாதையாகச் சொன்னார். நான் பேசிவிட்டால் அவர் எழுந்து போய்விடலாம் என்கிற மாதிரி இருந்தது அவர் பார்வை. அவர் மனைவி மல்லிகா பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம், படுத்தால் கண்ணைத் திறந்துகொண்டே கிடக்கிறார், காற்றுச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார் என்றாள்.

புதன்கிழமை காலை சேகரின் கொல்லைக்கு மல்லிகா கூட்டிப் போனாள். இளமரங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சாய்ந்து கிடந்தன. ஒரு மரத்தின் கீழே மண்ணைக் கிளறிக் காட்டினாள். வேர் இன்னும் பச்சையாக, ஈரமாக இருந்தது. "உசுரு இருக்குதும்மா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நான் ஒரு பேச்சாளராக வந்திருக்கிறேன், என் நாலு வார்த்தையால் இந்த ஆண்கள் எழுந்துவர வேண்டும், வராவிட்டால் இந்த மரங்கள் செங்கல் சூளையில் எரியும் என்று நினைத்துக்கொண்டே வேகமாகத் திரும்பி நடந்தேன்.

கூட்டம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்திருந்தார்கள். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், பாயாசம். வெளியே மெல்லிய தூறல். உள்ளே பெரிய மின்விசிறி. பாயை விரித்து எல்லோரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கையில் கட்டோடு மரியதாசும் வந்திருந்தார். சேகர் அரிசி மூட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

எழுந்து நின்றேன். ஆரம்பித்தேன்.

"அன்பான... பிள்ளைகளே..." என்று சொல்லி, மனதுக்குள் மூன்று எண்ணினேன். "நான்... மட்டக்களப்பில்... இருந்து..." மறுபடி மூன்று. ஒரு சொல் போய்ச் சேர்ந்து உட்கார்ந்த பிறகுதான் அடுத்த சொல்லை அனுப்பினேன். குரலையும் உயர்த்தவில்லை, உயர்த்தினால் வேகம் வந்துவிடும் எனக்கு. சூறாவளியில் எங்கள் தோப்பு விழுந்ததைச் சொன்னேன். கடல் வந்ததைச் சொன்னேன். முகாமில் எத்தனை அண்டா, என்ன சோறு, என்ன கறி என்று ஆற அமரச் சொன்னேன்.

தேங்காய்ப்பால் பிழிவதற்கு வந்தபோது முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பருப்பு வேகவைப்பதற்கு வந்தபோது மரியதாசின் தலை பக்கத்து ஆளின் தோளில் விழுந்தது. அந்தப் பக்கத்து ஆள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. இன்னும் விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் மெதுவாகப் பேசினேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூடத்தில் என் குரலும் மின்விசிறிச் சத்தமும் நாலைந்து விதமான குறட்டையும்தான் இருந்தன. சேகர் அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு அவமானம் என் வாழ்க்கையில் பட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். ரோசலின் பின்னாலேயே வந்தாள். மன்னிச்சுக்கொள் மகள், நீ சொன்ன மாதிரியேதான் பேசினேன், இதற்கு மேல் ஆறுதலாப் பேச எனக்குத் தெரியாது என்றேன்.

"ஆறுதலாத்தாம்மா பேசச் சொன்னேன். இவ்ளோ மெதுவாப் பேசச் சொல்லலையே," என்றாள்.

"ஆறுதலா என்றால் மெதுவாத்தானே?"

அவள் என்னையே பார்த்தாள். "எங்க ஊர்ல அது... எழவு வூட்ல, ஆஸ்பத்திரில போய்ச் சொல்லுவாங்கள்லம்மா, மனசு தேறுற மாதிரி. அது ஆறுதல்."

இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டோம். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சத்தம் வெளியே வராமல் இருக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்படியே குலுங்கிக்கொண்டிருந்தவள் எப்போது அழுகைக்கு மாறினாள் என்று எனக்குத் தெரியவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தேன். "புயலுக்கு அப்புறம் இவங்க யாரும் இப்படித் தூங்கிப் பாக்கலம்மா," என்றாள். "சேகர் தூங்குதும்மா. பாத்தீங்களா, சேகர் தூங்குது."

பாத்திரம் கழுவ வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மல்லிகா கணவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒரு பையன் சத்தமாக ஓடி வந்தபோது அவனை இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினார்கள்.

சரோஜா என்று ஒருத்தி, தடித்த உருவம், கட்டைக் குரல். அவளுடைய மரங்களைத்தான் முதலில் நிமிர்த்தியிருந்தார்கள். அவள்தான் மெல்லச் சொன்னாள்: "எங்க கொல்லையில நிமித்தறப்ப நான் கூடவே நின்னு பாத்தேன். கயிறு இருக்கு, வண்டி இருக்கு. ஆம்பளைங்க தூங்கட்டும். நாம போயி ஆரம்பிச்சா என்ன?"

டிராக்டர் ஓட்ட ஆள் வேண்டுமே என்றாள் ரோசலின். அந்த நேரம் பார்த்துப் பாஸ்கர் பழுது பார்த்த காரோடு வந்து இறங்கினார். தன் கார் எவ்வளவு அருமையாக ஓடுகிறது என்று சொல்ல வாயெடுத்தவரை, உதட்டில் விரல் வைத்து அடக்கி அப்படியே டிராக்டரில் ஏற்றினோம். டிராக்டர் கூடத்து வாசலில் நின்றது. அதைக் கிளப்பினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று, பத்துப் பெண்கள் சேர்ந்து ரோட்டு முனைவரை தள்ளிக்கொண்டு போனோம். எனக்கு மூச்சு வாங்கியது. அப்படிச் சிரித்தும் ரொம்ப நாளாகிவிட்டது.

வேலை நாங்கள் நினைத்த மாதிரி லேசில்லை. முதல் மரத்தைப் பாஸ்கர் வெடுக்கென்று இழுத்துப் பாதியாக முறித்துவிட்டார். மல்லிகா கீழே கிடந்த தலையைப் பார்த்துவிட்டு, அடுத்த மரத்துக்குக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு சரோஜா டிராக்டருக்கு முன்னால் நின்று கையைக் காட்டிக் காட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்த வைத்தாள். மெஷினைத் தொட ஒருவருக்கும் தைரியமில்லை, அரிவாளாலும் கைரம்பத்தாலும் கிளைகளைக் கழித்தோம். வெட்டிய இடங்கள் அழுகாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலப் பசையைப் பூசுவது என் வேலை. மட்டக்களப்பிலிருந்து கட்டிக்கொண்டு வந்த நல்ல சேலை அன்றைக்கு நீலமாகியது.

பொழுது சாயச் சேகர் ஒருமுறை கண் விழித்தாராம். ரோசலின் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். அம்மா பேசி முடித்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறார். இன்னும் இல்லை, படுங்கள் என்றிருக்கிறாள். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார்.

வியாழன் விடியுமுன்பே எழுந்து, பெரம்பலூர் வெங்காயத்தை உரித்து, தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தேன். மாவை வறுத்துப் பிட்டு அவித்தேன். கொல்லைக்குக் கொண்டுபோய் இலையில் வைத்தபோது, பிட்டுக்குச் சீனி கேட்டார்கள். சொதியை ஊற்றிக் குழைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சரோஜா மட்டும் சாப்பிட்டுவிட்டு, ரசத்துக்குத் தேங்காய்ப்பால் ஊத்துன மாதிரி இருக்குது, ஆனா நல்லாருக்குது என்றாள். அந்த 'ஆனா'வை நான் மன்னித்துவிட்டேன். அன்றைக்கு அதிகக் கைகள் சேர்ந்திருந்தன. முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போன பெண்கள் மாமியாரையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தூங்கி எழுந்த ஆண்களும் ஒருவர் இருவராக, தலை கலைந்தபடி, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து மண்வெட்டியை வாங்கினார்கள். மரியதாஸ் ஒற்றைக் கையால் குடத்தைத் தூக்கி வேருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

வெயில் ஏறிய பிறகுதான் சேகர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தார். வரப்பில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லோரும் வேலையை நிறுத்தினோம்.

இறங்கி, பக்கத்தில் நிமிர்ந்து நின்ற மரத்துக்குப் போனார். அடியில் அணைத்த மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தார். அடுத்த மரத்துக்குப் போனார். மூன்றாவது மரத்தில் கயிற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். முகம் கோணிக்கொண்டு வந்தது, அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"யாரு கட்டுனது இது? சாக்கு வைக்காம வெறும் கயித்த கட்டிருக்கீங்க, பட்டை அறுந்து போயிரும்," என்று கத்தினார். "மரத்த நிமித்திட்டு கழுத்த அறுத்து வெச்சிருக்கீங்க. இப்படியா நான் சொல்லிக் குடுத்தேன்?"

திட்டு வாங்கிய எல்லோருடைய முகத்திலும் அப்படி ஒரு சந்தோசத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. சரோஜா சாக்கு எடுக்க ஓடினாள். ரோசலின் என் கையைப் பிடித்து நசுக்கினாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. சேகர் ஒவ்வொரு மரமாகத் திட்டிக்கொண்டே கட்டை அவிழ்த்துச் சாக்கைச் சுற்றிக் கட்டினார். எல்லாம் பிழைக்காது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கடைசி வரிசையில் இன்னும் சில மரங்கள் படுத்துக் கிடந்தன. ஆண்கள் கயிற்றோடு அந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.

மல்லிகா இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் விறகு வியாபாரி ஏதோ நீளமாகப் பேசினார். சேகர் தன் கொல்லையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"நாளைக்கு வண்டி வேணாம்ண்ணே," என்றார். "இங்க வெறகு இல்ல. எல்லாம் மரமா நிக்குது."